சைலன்சர் மாத்தினதும் வண்டி படுத்துதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

சென்னை புதுப்பேட்டை பாகச் சந்தையில் வாங்கி, வடசென்னையில் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு பட்டறையில் மாட்டி, மூலக்கடை தாண்டுவதற்குள் வெடிக்க ஆரம்பிக்கும் வண்டிகளுக்காக எழுதியது இது. சைலன்சர் மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சைலன்சரில் இருப்பதில்லை. இன்ஜின் ஹெட்டில் உட்காரும் கேஸ்கட் (ஒழுகாமல் அடைக்கும் வளையம்), ஹெட்டிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்ப், ஃபுட்ரெஸ்ட் பக்கத்து பிராக்கெட் என்று இணைப்புகளில்தான் இருக்கும். கார்புரேட்டரைப் பிரிப்பதும் இ.சி.யூ.வில் (பெட்ரோல் கணக்கைப் பார்க்கும் மின்னணுப் பெட்டி) கை வைப்பதும் இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு.

## தொடங்கும் முன்

இன்ஜின் அரை மணி நேரமாவது ஆறியிருக்க வேண்டும். 10, 12, 13 நம்பர் ஸ்பேனர், ஆலன் கீ செட், டார்ச், ஊதுபத்தி, ஒரு சின்ன காந்தம், துரு இளக்கும் ஸ்ப்ரே இருந்தால் கீழே உள்ள சோதனைகளில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். வீட்டு நடையிலோ மூடிய சந்திலோ இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம். வண்டியைத் தெருவுக்கு இறக்குங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கழற்றி மாட்ட வேண்டி வந்தால் வரிசை முக்கியம். எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, சைலன்சரைத் தொங்கும் நிலையில் விடுங்கள். அதன் பின் ஹெட் நட்டு இரண்டையும் மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஹெட்டிலிருந்து நீட்டும் மரை ஆணி, அதாவது ஸ்டட், 6 மி.மீ. என்றால் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. என்றால் சுமார் 20. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. ஹெட் முடிந்ததும் கிளாம்ப், கடைசியில் பிராக்கெட். அவசரத்தில் பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் பைப் ஒரு பக்கம் இழுபட்டு கேஸ்கட் சாய்ந்தே உட்காரும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது நேராகாது, ஸ்டட்தான் உடையும்.

50 கிலோமீட்டர் ஓடியதும், ஆறிய நிலையில் ஒருமுறை எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

## அறிகுறி 1: ஆக்ஸிலரேட்டரை விட்டால் "பட் பட்" என்று வெடிக்கிறது

புகையை அதிகம் தடுக்காமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரில் மெலிதாக ஒன்றிரண்டு பொரிவது இயல்பு, அதை விட்டுவிடலாம். ஒவ்வொரு முறை கை விடும்போதும் பட்டாசு மாதிரி கேட்டால் எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது, அல்லது பெட்ரோல் கலவை குறைவாக இருக்கிறது.

### முதலில் ஊதுபத்திச் சோதனை

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். ஊதுபத்தியை ஹெட் இணைப்பின் ஓரத்தில் ஒரு விரல் தூரத்தில் பிடித்து மெல்லச் சுற்றி வாருங்கள். புகை நேராக மேலே போனால் அங்கே ஒழுகல் இல்லை. இன்ஜின் துடிப்புக்கு ஏற்ப விட்டு விட்டுத் தள்ளப்பட்டால் ஒழுகல் அங்கேதான். கிளாம்ப், ஓ2 சென்சார் (புகையில் ஆக்ஸிஜனை அளப்பது) உட்காரும் இடம், பைப் வெல்டிங் என்று எல்லா இணைப்பிலும் இதையே செய்யுங்கள். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் பக்கம் மட்டும் பத்தியைக் கொண்டு போகாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் இன்னொரு தடயமும் கிடைக்கும்: ஒழுகும் இடத்தைச் சுற்றி அலுமினியத்தின் மேல் மை தடவியதுபோல் கரி படிந்திருக்கும்.

### ஹெட் பக்கம் ஒழுகினால்

கழற்றி, ஹெட்டின் புகை வாயான போர்ட்டுக்குள் டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். அடிக்கடி நடக்கும் தவறு இது: பழைய கேஸ்கட் கரி பிடித்து, போர்ட்டின் விளிம்போடு ஒரே கறுப்பாக ஒட்டிப்போய் உள்ளேயே தங்கியிருக்கும். பார்த்தால் ஹெட்டின் பாகம் போலவே தெரியும். அதன் மேலேயே புது கேஸ்கட்டை வைத்து மாட்டிவிடுவார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் காலர் முழுதாக உட்காராது. நட்டு இறுகிவிட்டது போல இருக்கும், ஆனால் காற்று போகும். ஓரம் மழுங்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவரால் வளையத்தின் உள்விளிம்பை மடக்கி இழுத்தால் பழையது வந்துவிடும். அலுமினியத்தில் கீறல் விழாமல் செய்யுங்கள்.

கேஸ்கட் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். சைலன்சரை எத்தனை முறை கழற்றுகிறோமோ அத்தனை புது கேஸ்கட். டீ, வடைக் காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. ஹெட் வாயில் சிவப்பு சிலிக்கான் தடவுவதும் வீண்தான். அந்தச் சூட்டில் அது தாங்காது, கருகி உதிரும்.

புது கேஸ்கட் போட்டும் ஒழுகினால் காலரின் இரு பக்க இடைவெளியையும் பாருங்கள். ஒரு பக்கம் 2 மி.மீ., இன்னொரு பக்கம் 5 மி.மீ. என்றால் சாய்ந்திருக்கிறது. மேலே சொன்ன வரிசைப்படி திரும்ப மாட்டுங்கள்.

### கிளாம்ப் பக்கம் ஒழுகினால்

பெண்ட் பைப்பின் வெளி விட்டமும் சைலன்சர் வாயின் உள் விட்டமும் பொருந்தாததுதான் காரணமாக இருக்கும். 35 மி.மீ. பைப்பில் 38 மி.மீ. வாய் என்றால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஓவல் ஆகுமே தவிர அடையாது. அளவெடுத்து ஒரு ஸ்லீவ் கடைந்து போட வேண்டும். பைப் குறைந்தது 35 முதல் 40 மி.மீ. உள்ளே போயிருக்க வேண்டும்.

வாயில் ஹாக்ஸா பிளேடால் வெட்டு போட்டிருப்பார்கள். அந்த வெட்டு உள்ளே போன பைப்பின் முனையைத் தாண்டி நீண்டிருந்தால், கிளாம்ப்புக்குப் பின்னால் ஒரு கோடு வழியாகப் புகை வெளியே வரும். 25 மி.மீ. வெட்டு போதும். அதிகம் வெட்டியிருந்தால் தாண்டிய பகுதியை வெல்டு வைத்து அடையுங்கள். இந்த இணைப்புக்கு சைலன்சர் பேஸ்ட் தடவலாம், தாங்கும்.

### எங்கும் ஒழுகல் இல்லை, ஆனாலும் வெடிக்கிறது

ஏர் கிளீனரிலிருந்து ஹெட்டின் எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு ரப்பர் டியூப் போகிறதா பாருங்கள். பல வண்டிகளில் புகையைச் சுத்தமாக்கக் கூடுதல் காற்று விடும் வால்வு உண்டு. அந்த டியூபைச் சோதனைக்காக மட்டும் பிளையரால் மடக்கிப் பிடித்து ரேஸ் கொடுத்து விடுங்கள். வெடி நின்றால் வால்வு கெட்டிருக்கிறது, மாற்றுங்கள். டியூபையே நிரந்தரமாக அடைத்துவிடும் பழக்கம் உண்டு. புகைச் சான்று எடுக்கும்போது அது உதைக்கும்.

அடுத்து கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இன்டேக் ரப்பர். வெயிலில் நிற்கும் வண்டிகளில் அடிப்பக்கம் விரிசல் விடும். கையால் வளைத்துப் பாருங்கள்.

பிறகுதான் கலவை ஸ்க்ரூ. இங்கே குழப்பம் அதிகம். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் கிளீனர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருப்பினால்தான் பெட்ரோல் கூடும். யமஹா ஆர்.எக்ஸ். 100 இரண்டாவது வகை. சூடான இன்ஜினில் கால் சுற்று திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. இருந்த இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருந்தால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் போதவில்லை.

### மெக்கானிக்கிடம் போகும் கட்டம்

இத்தனைக்கும் பிறகு வெடித்தால் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி, அல்லது எக்ஸாஸ்ட் வால்வு சரியாக அடையாதது. கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். 2009க்குப் பிந்தைய யூ.சி.இ. வகை இன்ஜின் உள்ள ராயல் என்ஃபீல்டு புல்லட், கிளாசிக் 350களில் டேப்பட் ஹைட்ராலிக், இடைவெளியைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். அதில் "டேப்பட் செட் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள்.

## அறிகுறி 2: சத்தம் வந்தது, பிக்கப் போனது

கீழ் கியரில் இழுவை இல்லை, கொருக்குப்பேட்டை கேட் திறந்ததும் கூட்டத்தோடு நகர கிளட்ச்சைப் பாதியிலேயே பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வழக்கமான புகார். இதில் ஒரு பகுதி சரிசெய்யக்கூடியது, ஒரு பகுதி அந்த சைலன்சரின் குணம். உள்ளே தடுப்பே இல்லாத நேர் பைப் கீழ் வேகத்தில் இழுவையைக் குறைக்கும். பல்சர் வண்டிகளில் பெண்ட் பைப்போடு சேர்ந்திருக்கும் சின்ன குடுவையைத் தேவையில்லாதது என்று வெட்டி எறிபவர்கள் உண்டு. கீழ் வேக இழுவைக்காகவே வைத்தது அது.

சத்தத்தைக் குறைக்க சைலன்சர் வாயில் சொருகும் டி.பி. கில்லரைக் கழற்றியிருந்தால் திரும்பப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

### கார்புரேட்டர் வண்டி

புது பிளக் போட்டு, மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றுங்கள். இரவில் காலியாக இருக்கும் நேரான ரோட்டில் செய்ய வேண்டிய வேலை. கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையில் வேண்டவே வேண்டாம். பிளக் மூக்கு பிஸ்கெட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். கரி மண்டியிருந்தால் ஜெட்டைக் குறைக்கும் முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். மணலி பக்கம் ஓடும் வண்டிகளில் தூசு சீக்கிரம் அடைக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஜெட்டும் கார்புரேட்டர் ஊசியின் உயரமும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

### எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்)

சாதாரண ஓட்டத்தில் ஓ2 சென்சாரைப் பார்த்து இ.சி.யூ. கலவையைச் சரிக்கட்டிக்கொள்ளும். முழு ஆக்ஸிலரேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, ஏற்கெனவே எழுதிவைத்த கணக்கில்தான் பெட்ரோல் விடும். அதனால் மேல் வேகத்தில் மட்டும் திணறினால் ரீமேப் (இ.சி.யூ.வின் கணக்கைத் திருத்தி எழுதுவது) தேவைப்படலாம். அதையும் வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கும் டைனோவில் ஏற்றி, கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டிச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று, பெட்ரோல் விகிதம் 13க்கு அருகில் இருக்க வேண்டும். அந்த அளவைக் காட்டாமல் "ஃபைல் ஏத்தித் தரேன்" என்றால் வேண்டாம்.

### ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக்

1996லேயே உற்பத்தி நின்ற வண்டி, ஆனால் வடசென்னைத் தெருக்களில் அதன் சத்தம் இன்னும் அடங்கவில்லை. இதில் பிக்கப் போனால் முதல் சந்தேகம் கரி. பின் முனையில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் துளையிட்ட தடுப்புக் குழாயான பேஃபிளை உருவுங்கள். துளைகள் ஈரக் கரியால் அடைத்திருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் இரவு முழுக்க ஊறவையுங்கள். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளாஸ்டிக் வாளியில் ஊறவையுங்கள், அலுமினியப் பாத்திரம், அலுமினியப் பாகம் எதையும் அதன் அருகில் கொண்டுவராதீர்கள். பேஃபிளைத் தீயில் சுட்டு எடுக்கலாம், முழு சைலன்சரைச் சுட்டால் குரோம் போய்விடும்.

சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கரி இருக்கும். கிக்கரை மெல்ல மிதித்து பிஸ்டனை மேலே கொண்டுபோனால் அதன் பக்கச் சுவர் போர்ட்டை மூடும். அந்த நிலையில் மூங்கில் குச்சியால் சுரண்டி, ஊதி எடுங்கள். சுத்தம் செய்த சில வாரத்திலேயே மறுபடி அடைத்தால் ஆயில் பம்ப் அதிகம் விடுகிறது.

நடு பெருத்த ரேஸ் வகை சைலன்சரான சேம்பர் மாட்டிய வண்டியில் கரி இல்லாமலேயே கீழ் இழுவை போயிருந்தால் அது கோளாறு அல்ல. சேம்பர் மேல் வேகத்துக்கு அடிக்கப்பட்டது. முன் பைப்பின் நீளத்தைச் சற்றுக் கூட்டினால் இழுவை கீழ் வேகத்திலேயே கிடைக்க ஆரம்பிக்கும்.

## அறிகுறி 3: சத்தம் திடீரென்று மாறியது

தகரம் உதறும் சத்தம்: ஆறிய சைலன்சரை ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். ஹீட் ஷீல்டு ஸ்க்ரூ, கிளாம்ப், பிராக்கெட் ரப்பர் புஷ் என்று வரிசையாகக் கையால் அழுத்திப் பிடித்துத் தட்டுங்கள். எதைப் பிடிக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். உள்ளிருந்து கலகலவென்று வந்தால் தடுப்பின் வெல்டு விட்டிருக்கிறது, வெட்டித்தான் ஒட்ட வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டு சங்கிலியில் இடிக்கும் சத்தம்: பல வண்டிகளில் ஸ்டாண்டு மேலேறி நிற்கும் ரப்பர் கட்டை பழைய சைலன்சரில்தான் இருக்கும். புதியதில் அது இல்லை. சேஸிஸில் தனியாக ஒரு ஸ்டாப்பர் வைக்காமல் ஓட்டினால் ஸ்டாண்டு சங்கிலியையோ ஸ்விங் ஆர்மையோ தேய்த்துக்கொண்டே இருக்கும்.

சில மாதத்தில் சத்தம் முரடாகிக்கொண்டே போனது: உள்ளே கிளாஸ் வூல் எரிந்துவிட்டது. ரிவெட்டைத் துளைத்து முனை மூடியைக் கழற்றி, துளைப் பைப்பின் மேல் முதலில் மெல்லிய ஸ்டீல் வூல், அதன் மேல் கிளாஸ் வூல் சுற்றுங்கள். நேரடியாகக் கிளாஸ் வூல் சுற்றினால் புகையே அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். விரலால் அமுக்கினால் தலையணை போல அமுங்கி மீள வேண்டும். கல் போல அடைத்தால் சத்தம் குறையாது. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலை கூடாது.

டி.பி. கில்லர் போட்டு, கிளாஸ் வூலும் புதிதாகச் சுற்றிய பிறகும் தெருவே திரும்பிப் பார்க்கிறது என்றால் அந்த சைலன்சர் அப்படித்தான். சத்தத்துக்கென்றே விற்கும் இந்தோரி, பஞ்சாப் வகைகளில் அடக்க ஒன்றும் இருக்காது. 80 முதல் 175 சி.சி. வரையிலான வண்டிக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்பது தயாரிப்பு நிலை வரம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் சத்தத்துக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே லைசென்சும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) தனி. கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். விற்கும்போதும் அது தேவைப்படும்.

## அறிகுறி 4: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது

பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் பைப் மாற்றிய அன்றே வரும். ஸ்கேனரில் வரும் கோட் பி 0130, பி 0131 என்றால் ஓ2 சென்சாரின் சிக்னல். பி 0135 என்றால் சென்சாரின் ஹீட்டர் சுற்று.

பலமுறை காரணம் ஒயர்தான். புதுப் பைப்பில் சென்சார் இடம் மாறியதால் ஒயர் இழுபடும், அல்லது பைப்பில் பட்டு உருகும். கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பார்த்து மாட்டுங்கள். அடுத்து சென்சார் உட்காரும் நட்டு வெல்டு செய்த கோணம்: மூக்கு கீழ்நோக்கி, கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேலே இருந்து இறங்க வேண்டும். கீழிருந்து மேல் நோக்கி வைத்தால் தண்ணீர் அதில் தேங்கி செராமிக் உடையும். பைப் இணைப்பில் சாதாரண சிலிக்கான் தடவியிருந்தால் அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்திருக்கும்.

விளக்கை அணைக்க டம்மி ரெசிஸ்டர் விற்கிறார்கள். விளக்கு அணையும், கலவை குருடாக ஓடும், மைலேஜ் இறங்கும். ஒயரும் கோணமும் சரியாக இருந்தும் கோட் திரும்ப வந்தால் சர்வீஸ் சென்டரில் சென்சார் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகு 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சென்சார் போய்விட்டது.

## அறிகுறி 5: பெண்ட் பைப் நீலமாகிறது, சிவக்கிறது

ஸ்டெயின்லெஸ் பைப்பில் ஹெட்டிலிருந்து ஒரு சாண் தூரம் பொன்னிறமும் நீலமும் வருவது இயல்பு. ஒற்றைச் சுவர் குரோம் பைப்பிலும் கொஞ்சம் வரும். இருட்டில் ஐட்லிங்கில் நிற்கும்போது பைப் சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணையுங்கள். பெட்ரோல் குறைவு, இக்னிஷன் டைமிங் பின்தங்கியது, எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகல் மூன்றில் ஒன்று. முதலாவதை அறிகுறி 1, 2 வழியாகப் பாருங்கள், மற்ற இரண்டும் மெக்கானிக் வேலை.

சூட்டை மறைக்க ஹீட் டேப் சுற்றுகிறார்கள். காசிமேடு, திருவொற்றியூர் போன்ற உப்புக்காற்றுப் பகுதியில் சாதாரண இரும்புப் பைப்பில் சுற்றினால் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து, வெளியே தெரியாமல் பைப்பைத் தின்றுவிடும். காந்தம் இழுத்துப் பிடிக்காத 304 ஸ்டெயின்லெஸ்ஸில் மட்டும் சுற்றுங்கள். பின்னால் உட்காருபவரின் கால், புடவை படும் பக்கத்துக்கு ஹீட் ஷீல்டுதான் சரி.

## அறிகுறி 6: சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றது

ஐப்பசி, கார்த்திகையில் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் நடப்பது. செல்ஃப் அடிக்காதீர்கள், கிக்கரையும் மிதிக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, முன் சக்கரத்தைத் தூக்கி சைலன்சர் வாய் வழியாகத் தண்ணீரை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி, துணி போட்டு மூடி, கிக்கரை மெல்ல மிதியுங்கள். துணி நனைந்தால் வறளும் வரை தொடருங்கள். ஆயில் கண்ணாடியில் அல்லது குச்சியில் நிறம் பாருங்கள். பால் விட்ட டீ நிறம் என்றால் ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்றக் கொண்டுபோங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் வண்டியை நேராக மெக்கானிக்கிடம் தள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆனால் 20 நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். சைலன்சரின் தாழ்ந்த முனையில் 3, 4 மி.மீ. வடிகால் துளை இருக்கும். பழைய ஸ்போக் கம்பியால் குத்தி விடுங்கள். அது அடைத்திருந்தால் தேங்கும் நீரே அடுத்த மழைக்குள் ஓட்டை போடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சொட்டும் தெளிந்த நீரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

## அறிகுறி 7: துரு, ஓட்டை

ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். "டங்" என்றால் தகடு உயிரோடு இருக்கிறது, "டொக்" என்றால் உள்ளே அரித்துவிட்டது. குரோம் மேல் புள்ளித் துருவுக்கு அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். கடலோரம் நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஓட்டைக்கு எம்-சீல் வைப்பது ஒரு நாள் கூத்து. அரித்த பகுதியை நல்ல தகடு வரும் வரை வெட்டி, 1.2 முதல் 1.6 மி.மீ. தகட்டில் ஒட்டு போட வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் ஆர்கான் வெல்டிங். ஸ்டெயின்லெஸ்ஸை இரும்போடு சேர்க்கும்போது 309 வெல்டிங் ராடு கேளுங்கள், 308 போட்டால் இணைப்பு விரிசல் விடும். சைலன்சரைக் கழற்றித்தான் வெல்டு வைக்க வேண்டும். வண்டியில் வைத்தபடியே ஒட்டுகிறேன் என்றால் பேட்டரியும் இ.சி.யூ. கனெக்டரும் கழன்றிருக்கிறதா என்று நின்று பாருங்கள்.

## அறிகுறி 8: ஸ்டட் உடைந்து ஹெட்டுக்குள் நின்றுவிட்டது

வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரேயை இரவு முழுக்க ஊறவிட்டு, இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஹெட்டைச் சூடு செய்த பிறகு அசைத்தால் இன்னும் எளிதில் விடும். ரப்பர் போல முறுகித் திரும்ப ஆரம்பித்தால் உடைவதற்குள் நிறுத்தி மறுபடி ஸ்ப்ரே.

மட்டத்தோடு உடைந்திருந்தால் கையில் டிரில்லை எடுக்காதீர்கள். நுனி வழுக்கி அலுமினியத்தில் இறங்கினால் மரை மொத்தமும் போகும். லேத் பட்டறையில் கொடுத்தால் உடைந்த முனையில் நட்டை வெல்டு வைத்து எடுப்பார்கள், இல்லையென்றால் நடுவில் துளையிட்டு ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போடுவார்கள். ஹெட்டைக் கழற்றாமல் செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். செலவின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. புது ஸ்டட்டை மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், பழைய கேஸ்கட் உள்ளே இல்லையென்று நீங்களே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.